சேற்று வாடை வீசிய விரால்

வற்றிக்கொண்டிருந்த ஒரு குளத்தங்கரையில் மினுக்கன் என்ற நீர்நாய் தன் மனைவி சாமந்தியோடும் இரண்டு குட்டிகளோடும் வாழ்ந்தான். குளத்தில் சேறுதான் மிச்சம். ஆனாலும் மினுக்கன் மீசையை நீவிக்கொண்டு, "நம்ம குளம் மாதிரி இந்தக் காட்டிலே உண்டா!" என்று தினமும் பெருமையடிப்பான். அதைக் கேட்க அங்கே ஒரு தவளைகூட இல்லை. எல்லாம் எப்போதோ வேறு குளத்துக்குப் போய்விட்டன.

தூரத்து ஆற்றில் வற்றாத மடு ஒன்று இருந்தது. அதன் தலைவர் கருவாலன் என்ற கிழ நீர்நாய். கோடை வந்தால் அவர் குளம் குளமாகச் சுற்றி, தண்ணீரில்லாமல் தவிப்பவர்களுக்கு மடுவில் இடம் கொடுப்பார். அன்று மதியம் மினுக்கன் வீட்டில் அவருக்கு விருந்து.

"வந்ததும் நிலைமையைச் சொல்லி இடம் கேட்டுடுங்க," என்றாள் சாமந்தி. "குட்டிங்க ரெண்டும் சேத்தைக் குடிச்சு இருமுதுங்க."

"கேக்கறதா? நானா?" மினுக்கனின் மீசை துடித்தது. "விருந்தைச் சாப்பிட்டுட்டு அவரே மடுவுக்கு வரச்சொல்லி என்னைக் கெஞ்சுவார், பாரு!"

சேற்றில் புதைந்து கிடந்த கடைசி விராலை அவன் பிடித்து வந்தான். முதுகெலும்பை ஒட்டிக் கீறி, முள்ளை நீக்கி, சதையை மட்டும் அழகான துண்டுகளாக எடுத்தான். அந்த வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது.

சாமந்தி கல் உப்பும் சாம்பலும் கொண்டு வந்தாள். "சேத்து மீன். நல்லாத் தேச்சுக் கழுவி, புளித்தண்ணியில கொஞ்ச நேரம் ஊறட்டும். இல்லேன்னா வாடை போகாது."

"என் குளத்து மீன்ல வாடையா! யார் காதிலயாவது விழுந்தா என்ன நினைப்பாங்க?"

உப்பையும் சாம்பலையும் தட்டிவிட்டான். கழுவாத துண்டுகளில் மஞ்சளையும் மிளகாயையும் அப்பி, சட்டியில் போட்டான். வறுபடுவது மீனா, குளத்துச் சேறா என்று சாமந்திக்கே சந்தேகம் வந்தது. மினுக்கனோ மூக்கை உறிஞ்சி, "ஆகா!" என்றான்.

பிறகு விருந்தாளி குளத்தைப் பார்த்துவிடாதபடி, உயர்ந்த கோரைப்புல்லுக்கு இந்தப் பக்கம் இலையைப் போட்டான். பெரிய மூளைதான்!

கருவாலன் வந்து அமர்ந்தார். ஒரு துண்டைக் கடித்தார். மெதுவாக மென்றார். கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"தம்பி, சேத்து வாடை தூக்கலா இருக்கே. குளம் வத்திப்போச்சா?" என்று பரிவோடு கேட்டார்.

சாமந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்!

"வத்துறதா!" என்று சிரித்தான் மினுக்கன். "கரை தளும்பி நிக்குது! இது எங்க குளத்து மீனுக்கே உள்ள தனி வாசனைங்க. பழகினவங்களுக்குத்தான் அருமை தெரியும்!"

"அப்படியா, சந்தோஷம். மடுவில இன்னும் ஒரு குடும்பத்துக்குத்தான் இடம் இருக்கு. உங்களுக்கு வேண்டாம்னா வேற யாருக்காவது ஆகும்." கருவாலன் எழுந்தார்.

மினுக்கன் வாயைத் திறந்தான். இப்போது கேட்டால் சொன்னது பொய்யென்று ஆகிவிடுமே! வாயை மூடிக்கொண்டு கையைக் கூப்பினான். "போயிட்டு வாங்க!"

சாமந்திக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "நில்லுங்கண்ணே!" என்று ஓடிப்போய்க் கோரைப்புல்லை இரண்டு கையாலும் விலக்கினாள். "இதுதாண்ணே எங்க குளம்."

வெடித்த சேற்றையும், அதன் நடுவே இருமிக்கொண்டிருந்த குட்டிகளையும் கருவாலன் பார்த்தார். "பிள்ளைகளைத் தூக்கிக்கம்மா," என்றார். திரும்பி, "தம்பி, நீங்களும் வாங்களேன்!" என்று அழைத்தார்.

"நானா? இவ்வளவு பெரிய குளத்தைப் பார்த்துக்க ஆள் வேண்டாமா!" என்றான் மினுக்கன்.

அவர்கள் போய்விட்டார்கள். மினுக்கன் மிச்சமிருந்த துண்டுகளின் முன்னால் உட்கார்ந்து, ஒன்றை எடுத்துக் கடித்தான். புகழ்ந்தால் கேட்க ஆளில்லை. 'தூ!' என்று துப்பினான்.

தன் குறையை ஒப்புக்கொள்ளக் கூசுகிறவன், வாசல் தேடி வந்த உதவியையும் தானே விரட்டிவிடுகிறான்.