கிரேன் தெரியாத இடம்

பரஞ்சோதிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். அது சரியில்லை. மூக்கு நுனியில் இருந்தால் ஒரு தும்மலில் போய்விடும். இவருக்கு அது உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், இறங்குகிற பேச்சே கிடையாது. அன்றைக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு போலீஸ்காரர் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்ட கையோடு, நேரே அமலோற்பவம் டீச்சரின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்.

உள்ளே பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "டீச்சர், என் படத்தைத் திருடிட்டானுங்க" என்று இவர் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் கண்ணை மூடிவிட்டாள்.

"இருங்கண்ணே" என்றார் டீச்சர். அந்தப் பெண்ணைக் கண் திறக்கச் சொல்லி, இன்னொரு படம் எடுத்து, அவளை அனுப்பிவிட்டுத்தான் இவர் பக்கம் திரும்பினார்.

டீச்சர் பரஞ்சோதியைவிட இருபது வயது சின்னவர். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற மனுஷன் கேமராவைத் தூக்கிக்கொண்டு படமெடுக்கக் கற்றுக்கொள்ள முதன்முதலில் இந்தப் படியேறியபோது, பேரன் பேத்தியைக் கொஞ்சுகிற வயசில் இதென்ன கிறுக்கு என்று வீட்டில் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. படம் மோசமென்றால் மோசம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதனாலேயே பரஞ்சோதி அவரைக் குருவாக வரித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஆந்தைப்பாறை என்று ஒரு மலை. அதன் குகையில் வெள்ளைக் கோடுகளால் வரைந்த ஆட்கள் கைகோத்து ஆடுகிறார்கள். யார் வரைந்தது, எந்தக் காலத்தில் என்று யாருக்கும் தெரியாது. மலைக்கு அந்தப் புறம் கல் வெட்ட ஒரு குவாரிக்கு உரிமம் உண்டு. இப்போது குகை இருக்கிற புறத்தையும் கொடு என்று குவாரிக்காரர்கள் மனுப் போட்டிருந்தார்கள். கொடுத்தால் குகை மிஞ்சாது. ஆடுகிற ஆட்கள் யார் வீட்டு வாசற்படியிலோ கிடப்பார்கள்.

அன்று காலையில்தான் கருத்துக் கேட்புக் கூட்டம். மலையடிவாரத்து வீராயி எழுந்தாள். அனுமதி கேட்பதே நாடகம் என்றாள். நாலு வருஷத்துக்கு முன்பே குகைக்குப் பக்கத்தில் கிரேனை நட்டுக் கல்லெடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், வெடி வைத்ததில் என் வீட்டுச் சுவர் பிளந்து கிடக்கிறது, வந்து பாருங்கள் என்றாள். அது உண்மையென்று நிலைத்துவிட்டால் புது அனுமதி என்ன, பழைய உரிமமே போய்விடும்.

அப்போதுதான் குவாரி வக்கீல் ஒரு காலண்டரை விரித்தார். நாலு வருஷத்துக்கு முன் பரஞ்சோதி எடுத்து, புகைப்படச் சங்கத்தில் முதல் பரிசு வாங்கிய படம் அதில் இருந்தது. காலை வெயிலில் குகை, ஆடும் ஆட்கள், மேலே மலை வளைவு, அதற்கும் மேலே சுத்தமான வானம்.

இது உங்கள் படம்தானே என்று வக்கீல் குழைவாகக் கேட்டார். ஊருக்காகப் பேச வந்திருந்த மனுஷனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என்னுடையதுதான் என்றார். அதில் எதையாவது மாற்றினீர்களா என்று கேட்டதற்கு, "என் படத்துல வெட்டும் கிடையாது, ஒட்டும் கிடையாது. கேமரா கண்டது அப்படியே" என்று சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

வக்கீல் மெதுவாகத் திரும்பி வீராயியைக் காட்டினார். "அப்ப இந்தம்மா சொல்றது பொய்."

அதற்குப் பிறகுதான் பரஞ்சோதிக்கு உறைத்தது. என் படத்தைத் தொட நீ யாருடா என்று நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். போலீஸ் வந்தது. கூட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள். நாளையோடு முடிவு எழுதிவிடுவார்கள்.

இத்தனையையும் ஸ்டூடியோவில் நடந்துகொண்டே சொன்னார். அவன் மேல் வழக்குப் போடுவேன் என்றார். காலண்டர் அடித்த சங்கத்தின் மேலும் போடுவேன் என்றார்.

டீச்சர் கேட்டார். "அவங்க உங்க படத்துல ஏதாச்சும் மாத்தியிருக்காங்களா?"

"இல்லை."

"ஓரத்தை வெட்டியிருக்காங்களா?"

"இல்லை. அப்படியேதான் இருக்கு."

"நீங்க எடுத்தப்ப அங்க கிரேன் இருந்துச்சா?"

"அதுவா டீச்சர் இப்ப முக்கியம்? என்னைக் கேக்காம எடுத்திருக்கான், அதைக் கேளுங்க."

டீச்சர் அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்டார். உடனே கோபம் குருவின் மேலேயே பாய்ந்தது. சொல்லிக்கொடுத்தது யார், தேவையில்லாததைப் படத்துக்கு வெளியே விடு, விடு என்று மண்டையில் குட்டிக் குட்டிச் சொன்னது யார் என்று கத்தினார்.

டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அவரிடம் படித்தவர்களுக்கு அது தெரியும்.

"தேவையில்லாததை விடச் சொன்னேன். பிடிக்காததை விடச் சொன்னேனா?"

டீச்சர் ஸ்டூடியோவின் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். கேமராவை எடுத்துக்கோங்க, மலைக்குப் போவோம் என்றார்.

மலைக்குப் போகிற பாதை வீராயி வீட்டைத் தாண்டித்தான் போகிறது. கருவேல முள்ளைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் கை நுழைகிற அளவுக்குப் பிளவு. தெரிந்தவர்கள் வந்தால் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப மாட்டாள். இன்றைக்கு ஒரு சொம்பும் வரவில்லை.

"எதுக்கு வந்திருக்காரு, இன்னொரு காலண்டருக்கா?" என்று டீச்சரிடம்தான் கேட்டாள்.

டீச்சர், நீங்களும் வாங்கக்கா என்று மட்டும் கூப்பிட்டார். வீராயி வெட்டரிவாளை அங்கேயே போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

குகை அப்படியே இருந்தது. அதற்கு மேலே மலைதான் அப்படியே இல்லை. வளைவில் பாதியை அறுத்து எடுத்துவிட்டார்கள். நேரில் வந்து பார்க்கத்தான் ஒரு அதிகாரியும் மலையேறவில்லை. கிரேன் இன்னும் கிட்ட வந்து, பாறைத் தூசிக்கு நடுவில் கையை நீட்டிக்கொண்டு நின்றது. பரஞ்சோதி அதைப் பார்த்து ஆத்திரமாக ஏதோ முனகினார். நாசமாய்ப் போவான்கள் என்பது மட்டும் காதில் விழுந்தது.

"அன்னைக்கு எடுத்த அதே படத்தை இன்னொரு தரம் எடுங்கண்ணே" என்றார் டீச்சர்.

"இப்ப எப்படி வரும்?"

"முயற்சி பண்ணுங்க."

கேமரா கைக்கு வந்ததும் மனுஷனுக்குக் கோபம்கூட மறந்துபோனது. விறுவிறுவென்று சரிவில் இறங்கினார். ஒரு உருண்டைப் பாறையைத் தேடிப் பிடித்தார். பக்கத்திலிருந்த சூராமுள் செடியைக் காலால் மிதித்துச் சாய்த்தார். அறுபதைத் தாண்டிய உடம்பை மண்ணில் கிடத்தி, முழங்கையை ஊன்றி, கன்னம் தரையில் படப் படுத்துக்கொண்டார்.

"ஏண்ணே, நின்னு எடுக்கக் கூடாதா?"

"நின்னா கெட்டுது" என்றார், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே. "நின்னா கிரேனோட தலை தெரியும். உட்கார்ந்தாலும் கம்பி தெரியும். இப்படிப் படுத்தாத்தான் இந்தப் பாறை மொத்தத்தையும் மறைக்கும். சும்மா கிடைச்ச இடமில்லை டீச்சர் இது, ஒரு மாசமா நாயா அலைஞ்சு பிடிச்சேன். அப்பவும் அது ஓயாம சுத்திக்கிட்டே இருந்துச்சு. அதோட கை பாறைக்கு அந்தப் பக்கம் போற வரைக்கும் மூச்சை அடக்கிக்கிட்டு..."

கேமராவைக் கீழே வைத்தார். எழுந்திருக்கவில்லை.

தலைமாட்டில் வீராயி நின்றுகொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "அட பாவி மனுசா" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரஞ்சோதிக்குத் திருப்பிக் கத்தவாவது வழி இருந்திருக்கும்.

"இந்தப் பாறையையும், படுத்த இடத்தையும், கிரேனையும் சேர்த்து நான் படம் எடுக்கிறேன்" என்றார் டீச்சர். "நீங்க இப்ப சொன்னதை நாளைக்கு அந்தக் கூட்டத்துல எழுந்து சொல்லணும்."

பரஞ்சோதி முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். ஒட்டாத இடத்தையும் தட்டினார். காலையில் சபையில் சொன்ன வார்த்தை எழுத்தில் ஏறியிருக்கிறது என்றார். அந்தப் பரிசைத் திருப்பிக் கேட்பார்கள், சங்கத்தில் தலைகாட்ட முடியாது என்றார். வாழ்நாளில் நான் எடுத்த உருப்படியான படமே அது ஒன்றுதான் என்றார். சொல்லச் சொல்ல மறுபடியும் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. ஆனால் இந்தத் தரம் அதை யார் மேல் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எழுந்து சொன்னா, என்னைப் பொய்யன்னு சொல்லுவாங்க டீச்சர். அத்தனை பேர் முன்னால."

அமலோற்பவம் டீச்சர் தன் கேமராவின் மூடியைக் கழற்றிக்கொண்டே, வீராயி பக்கம் தலையை அசைத்தார்.

"காலையில இவங்களைச் சொன்னாங்க."