சுவருக்குள்ளிருந்து வருபவன்

“அந்த சூட்சுமத்தை எனக்கு மட்டும் ஏன் மறைக்கிறீங்க, டீச்சர்?” என்று கேட்டே விட்டான் மாசிலாமணி.

நடிப்புப் பயிற்சி தரும் மரகதவல்லி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி இதுவரை திரையில் போலீஸாகவும் பிணமாகவும் வந்துபோனவன். பிணத்துக்காவது குளோசப் கிடைத்தது. நாளைக்கு ஒரு பேய்ப்படத்தில் பேய் வேஷத்துக்கு டெஸ்ட். இதுவும் கைநழுவினால் மச்சான் கடையில் போய் உட்கார வேண்டியதுதான்.

கதை என்னவோ சீமையிலிருந்து வந்த பழைய பேய்நாவல். பிரபு ஒருவர், வேலைக்காரனைத் திருடன் என்று சொல்லி, உயிரோடு சுவருக்குள் நிறுத்திப் பூசிவிடுகிறார். அவன் பழிவாங்க வருகிறான். ஏற்கெனவே மூன்று முறை படமாகிவிட்டது.

“அந்தப் பேயா நடிச்சவங்கள்ல ஒருத்தர் பல்லைக் காட்டினார். ஒருத்தர் கண்ணை வெள்ளையாக்கினார். இன்னொருத்தர் படம் முழுக்க உறுமினார். மூணையும் சேர்த்தே பண்ணிட்டேன். இன்னும் வரலைங்கிறீங்க.”

“வரலைதான்.”

“நேத்து செல்வின் காதுல மட்டும் என்னமோ சொன்னீங்களே?”

அதே வேஷத்துக்குப் போட்டி போடும் செல்வின் மூலையிலிருந்து சிரித்தான். “வாய் நாறுது, ஏலக்காய் மெல்லுன்னாங்கண்ணே.”

மாசிலாமணி நம்பவில்லை. அவன் யாரைத்தான் நம்பினான்!

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். விரலைப் பார்த்தார். முகம் மாறியது.

“என் மோதிரம் எங்கே?”

சுற்றும்முற்றும் பார்த்தார்.

“மாசிலாமணி, நீதானே முதல்ல வந்தே? பையைக் காட்டு.”

“டீச்சர்?”

“காட்டுன்னா.”

செல்வின் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டான். வெளியே நின்ற மற்ற மாணவர்கள் வாசலில் வந்து எட்டிப்பார்த்தார்கள்.

பையைத் தலைகீழாகக் கொட்டினான். துண்டு, சீப்பு, பேய்க்கென்று வாங்கிய பொய்ப்பல். அவ்வளவுதான்.

“எங்கே ஒளிச்சு வச்சே?”

“இத்தனை வருஷமா வர்றேன் டீச்சர். ஒரு குண்டூசி எடுத்திருப்பேனா?”

“திருடினவன் எவன் ஒத்துக்கிட்டான்?”

அவன் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினான். அந்த அம்மாளின் கழுத்தை நெரித்துவிடலாமா என்றிருந்தது. ‘நீ எடுக்கலை’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் காலில் விழவும் தயாராக இருந்தான். அப்படி ஒரு அவமானம், அப்படி ஒரு ஆத்திரம்.

டீச்சர் இடுப்பில் செருகியிருந்த மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டார்.

“வாங்கிட்டியா?”

“என்னத்த?”

“பழியை.”

மாசிலாமணி நீட்டிய கைகளை மடக்கவில்லை. அப்படியே ஓர் அடி முன்னால் வைத்தான்.

செல்வின் மிரண்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.