நாற்பத்தேழு படகுகளும் ஒரு வரம்பும்

அன்று மீனவர் தகவல் நிலையத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வியாகுலம், வயது ஐம்பத்து நான்கு. படகுச் சங்கச் செயலாளர் தஸ்நேவிஸ். சர்வர் அறை வாசலில் காவலர் சுடலைமுத்து. சர்வர் கோளாறைச் சரிசெய்ய நகரத்திலிருந்து வரவழைத்த ரெக்சலின், வயது இருபத்தொன்பது.

கடலில் இருந்த படகுகள் ஆயிரத்து அறுபத்திரண்டு.

வியாகுலம் தன் குறையைச் சொன்னார்.

கடலுக்குப் போன ஒவ்வொரு படகோடும் சர்வர் ஓர் இணைப்பு வைத்திருக்கும். அதைச் செய்வது பின்னணியில் ஓயாமல் ஓடும் ஒரு சர்வீஸ். ஓர் இணைப்பு அதன் கணக்கில் ஒரு திறந்த கோப்பு. ஆயிரத்து இருபத்து நான்கு கோப்புகளுக்கு மேல் அது திறப்பதில்லை. சொந்தத் தேவைக்கு ஒன்பது போக, ஆயிரத்துப் பதினைந்து படகுகளுக்குத்தான் இடம்.

நாற்பத்தேழு படகுகளுக்கு இணைப்பு இல்லை. மூன்று மணிக்குச் சூறைக்காற்று எச்சரிக்கை போக வேண்டும். அந்த நாற்பத்தேழுக்கும் போகாது.

அவற்றில் ஒன்று வியாகுலத்தின் மருமகனுடையது.

"வரம்ப நாலாயிரத்துத் தொண்ணூத்தாறா ஏத்திட்டேன் மேடம். மூணு தடவ. எவ்வளவுன்னு கேட்டா அதேதான் சொல்லுது. ஆனா நாப்பத்தேழு அப்படியே நிக்குது."

"யாரா இருந்து கேட்டீங்க சார்?"

வியாகுலத்துக்குக் கேள்வி விளங்கவில்லை. தன் பெயரில் நுழைந்து, தன் திரையில் ஆணையிட்டு, தன் திரையிலேயே விடையும் கண்டவர் அவர். வேறு யாராக இருந்து கேட்பது?

வியாகுலம் என்றால் கவலை, ஆளுக்குப் பொருத்தமாகத்தான் பேர் வைத்திருக்கிறார்கள் என்று தஸ்நேவிஸ் முணுமுணுத்தார்.

ரெக்சலின் எழுந்தார். மூவரும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார்.

சுடலைமுத்து கையை நீட்டி மறித்தார். உள்ளே ஒரு நேரத்துக்கு இரண்டு பேர்தான்.

வியாகுலம் தான் அனுமதிப்பதாகச் சொன்னார். காவலரின் கை இறங்கவில்லை. வியாகுலம் தன் குறிப்பேட்டைத் திறந்து, 'மூன்று பேர்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, காவலரின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"அது உங்க நோட்டு சார்," என்றார் சுடலைமுத்து. "காலையில ஆறு மணிக்கு என்னைய இங்க உக்கார வச்சது சூப்பர்வைசர். அவரு ரெண்டுன்னாரு. நான் எந்திரிக்கிற வரைக்கும் ரெண்டுதான்."

மணி இரண்டு இருபத்தைந்து.

வியாகுலம் சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். அவர் கீழ்த்தளத்தில் பணித்தாளை மாற்றி, மூன்று என்று எழுதினார். சுடலைமுத்து அப்போதும் விடவில்லை. தான் பழைய தாளுக்கு உட்கார்ந்தவன் என்றார். கீழே போய், பழைய தாளில் கையெழுத்திட்டு முடித்து, புதிய தாளை வாங்கி வந்து உட்கார்ந்தார்.

"இப்ப மூணு பேரு போகலாம்."

ரெக்சலின் போகவில்லை. அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாகுலம் கதவைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தார்.

"அந்த சர்வீஸ யாரு மேடம் உக்கார வைக்கிறது?"

"மெஷினேதான். நீங்க உங்க பேர்ல நுழையிறதுக்கு முந்தியே."

வியாகுலம் தன் மேசைக்கு நடந்தார். சர்வீஸை எழுப்பும்போது மெஷின் படிக்கும் குறிப்பைத் திறந்தார். இத்தனை நாளில் அதை அவர் தொட்டதே இல்லை. அதில் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு என்று எழுதினார்.

பிறகு அவர் விரல் நின்றுவிட்டது.

சர்வீஸை நிறுத்தித் திரும்ப எழுப்பினால், இருக்கிற ஆயிரத்துப் பதினைந்தும் அறுந்துபோகும். எச்சரிக்கைக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. அந்தப் படகுகளிலும் ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்றார் தஸ்நேவிஸ், இம்முறை முணுமுணுக்காமல்.

வியாகுலம் ரெக்சலினைப் பார்த்தார்.

ரெக்சலின் காவலர் பக்கம் திரும்பினார். "எந்திரிச்சிட்டுத் திரும்ப உக்கார எவ்வளவு நேரம் ஆச்சு அண்ணாச்சி?"

"மாடிப்படியோட சேத்து நாலு நிமிஷம்."

வியாகுலம் பொத்தானை அழுத்தினார்.

திரையில் பூஜ்யம்.

அவர் திரையைப் புதுப்பித்தார். பூஜ்யம்தான்.

பிறகு ஒவ்வொரு படகின் கருவியும் தானாகத் திரும்ப அழைத்தது. பதினெட்டு. இருநூற்று ஆறு. எழுநூற்றுத் தொண்ணூறு. ஆயிரத்துப் பதினைந்தில் எண் நின்றது.

ஆயிரத்துப் பதினாறு.

ஆயிரத்து அறுபத்திரண்டு வந்தபோது மணி இரண்டு ஐம்பத்திரண்டு. அவர் குறிப்பேட்டில் எழுதினார்: வரம்பு 4,096. திறந்தவை 1,071. மீதி 3,025.

ரெக்சலின் கடைசி எண்ணின்மேல் விரலை வைத்தார். "இதுவா சார் மீதி?"

வியாகுலம் அதைக் கோடிட்டு அடித்தார். வேறெதுவும் எழுதாமல் காத்திருந்தார்.

மூன்று மணிக்கு எச்சரிக்கை போனது. கிடைத்தது என்று ஒவ்வொரு படகும் பதில் சொல்லச் சொல்ல ஒன்றுவிடாமல் எண்ணினார். மருமகனுடையது தொள்ளாயிரத்து முப்பதாவதாக வந்தது. அங்கே அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை.

மூன்று ஒன்பதுக்கு ஆயிரத்து அறுபத்திரண்டாவது பதிலும் வந்தபின் பேனாவை எடுத்தார்.

மீதி 0.