முன்வரிசைப் பாய்

கல்குவாரியை ஒட்டிய சிறு மடம் அது. அதன் தலைவி திலகவதி அம்மைக்கு நாற்பத்து நான்கு வயது. அவருடைய சீடர் ஆதிமூலத்துக்கு ஐம்பத்தெட்டு. இதில் அவர்கள் இருவருக்கும் சங்கடம் இல்லை. பார்க்க வருகிறவர்கள்தான் யாரை முதலில் கும்பிடுவது என்று தடுமாறுவார்கள்.

மடத்துக்கு வருமுன் ஆதிமூலம் பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் அரசியல் தலைவருக்கு மேடைப்பேச்சு எழுதிக்கொடுத்தவர். துறவு கொள்ள அது போதுமான காரணம்.

ஊராட்சிக் கட்டடத்தில் மடம் ஒரு படிப்பகம் நடத்திவந்தது. குவாரித் தொழிலாளர்கள் வேலை முடிந்து அங்கே வந்து எழுதப் படிக்கக் கற்றார்கள். கற்பித்தவர் ஆதிமூலம். மடத்தின் பழைய வழக்கம் ஒன்றையும் அவர் அங்கே கொண்டுபோயிருந்தார். பாடத்தைத் தப்பில்லாமல் ஒப்பிப்பவர் முன்வரிசையில் விரித்த கோரைப்பாயில் உட்காரலாம். மற்றவர்களுக்குச் சிமெண்டுத் தரை. பாயில் ஐந்து பேருக்கு இடமிருந்தது. ஆசிரியருக்கு நாற்காலி.

மாணவர்களில் ஒச்சாயி என்று ஒரு பெண். கல்லுடைப்பவள். குவாரி வெடியில் அவள் கணவன் இறந்தபோது, சாவுக்கான காரணம் எழுதிய ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதைப் படித்துக்காட்டிய நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். குடித்திருந்தான் என்றார் ஒருவர். விலகி நில் என்றதைக் கேட்கவில்லை என்றார் இன்னொருவர். தானே படித்துவிடுவது என்று அவள் வந்து சேர்ந்தாள். காகிதம் எப்போதும் அவள் சுருக்குப்பையில் இருக்கும். நான்கு மாதத்தில் மூன்று வரி தாண்டியிருந்தாள்.

குவாரி, ஆதிமூலம் முன்பு பேச்சு எழுதிக்கொடுத்த அதே தலைவருடைய மைத்துனருக்குச் சொந்தம்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைவர் அந்த ஊரில் பேசினார். நம் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிற மேட்டுக்குடிகள் நமக்கே நம் மொழியைச் சொல்லித்தர வந்திருக்கிறார்கள் என்றார். படிப்பகத்துக்குக் கொடுத்த அறையைத் திரும்ப எடுப்பது பற்றி ஞாயிற்றுக்கிழமை கிராம சபையில் முடிவு செய்யலாம் என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் காலை ஆதிமூலம் மூன்று அகராதிகளைச் சுமந்துகொண்டு அம்மையிடம் வந்தார்.

"மேட்டுக்குடி என்றால் யார், அம்மா? மூன்றிலும் பார்த்துவிட்டேன். எதிலும் நான் இல்லை."

"நான்காவது அகராதி கிடைக்காதா?"

அவர் சிரிக்கவில்லை. அந்த வாக்கியம் தன்னுடையது என்றார். ஏழு வருடங்களுக்கு முன் வேறு யாரையோ திட்ட எழுதியது. ஒரு சொல்கூட மாற்றாமல் தலைவர் அதை எழுதியவர் மேலேயே வீசியிருக்கிறார்.

"அப்போது என்ன பொருளில் எழுதினீர்கள்?" என்று அம்மை கேட்டார்.

"பொருள் வைத்து எழுதவில்லை. கைதட்டலுக்கு எழுதினேன்."

"பிறகு அகராதியைக் குறை சொல்வானேன்?"

தன்னிடம் ஒரு பதில் இருப்பதாக ஆதிமூலம் சொன்னார். கூட்டங்களில் தலைவர் மண்கலயத்தில் கூழ் குடிப்பது ஊரறிந்த காட்சி. அதை ஏற்பாடு செய்தவரும் ஆதிமூலம்தான். முதல்முறை கலயம் புதிது. கூழில் பச்சைமண் வாடை ஏறித் தலைவர் துப்பிவிட்டார். அதன்பிறகு கலயத்துக்குள் ஓர் எவர்சில்வர் டம்ளரைப் பொருத்தினார்கள். டம்ளரில் பாதாம்பால். நாளைக்கு அந்தக் கலயத்தைச் சபை நடுவில் கவிழ்த்துவிட்டால் யார் மேட்டுக்குடி என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

"கவிழ்த்துப் பாருங்கள்" என்றார் அம்மை.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வந்தார். போட்ட நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில், ஜனங்களுக்கு நடுவே, சம்மணமிட்டு உட்கார்ந்தார். அதுவும் ஆதிமூலம் கற்றுக்கொடுத்தது. கலயம் வந்தது. ஆதிமூலம் எழுந்துபோய் அதை வாங்கிக் கவிழ்த்தார். டம்ளர் உருண்டது. பால் ஓடியது.

ஊர் சிரித்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவர் தலைவர்.

"வயித்துப்புண்ணுங்க, கூழு ஒத்துக்காது. வாத்தியாரே, இந்த டம்ளர் யோசனை உங்களுதுதானே?"

சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. அறையைத் திரும்ப எடுக்கச் சம்மதம் உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். கைகள் எழுந்தன. மூன்றாவது வரிசையில் ஒச்சாயியின் கையும் எழுந்தது.

கூட்டம் கலைந்ததும் ஆதிமூலம் அவளை நிறுத்தினார். டம்ளரைப் பார்த்தீர்கள் அல்லவா என்று கேட்டார்.

"அது முன்னாடியே தெரியும்யா. கூழு குடிச்சா மீசையில ஒட்டும். அவுக மீசையில ஒருநாளும் ஒட்டல."

"தெரிந்துமா கை தூக்கினீர்கள்?"

"அவுக தரையில உக்காந்தாக. பொய்யோ மெய்யோ, உக்காந்தாக." அவள் தலைச்சும்மாட்டை உதறி மடித்தாள். "நான் நாலு மாசமா தரையில இருக்கேன். நீங்க ஒருநாளும் அந்தப் பக்கம் வந்து உக்காரல."

"பாய் எல்லோருக்கும்தானே, ஒச்சாயி? தப்பில்லாமல் படித்தால்..."

"ஆமாய்யா. தப்பில்லாம படிச்சா."

ஆதிமூலம் கையை நீட்டினார். காகிதத்தைக் கொடுங்கள், மீதியை நானே படித்துச் சொல்கிறேன் என்றார்.

"படிச்சுச் சொல்ல ஊருல நெறையப் பேரு இருக்காகளே" என்றாள். கை சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. "மடிச்சே இருக்கட்டும்யா."

ஊராட்சிச் செயலர் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். சிலேட்டுகளையும் கரும்பலகையையும் பாயையும் வாசலில் வைத்திருந்தார்கள். ஆதிமூலம் அவற்றை மூன்று நடையாக மடத்துக்குச் சுமந்தார். குவாரியில் வெடி வைக்கும் சங்கு ஊதியது. மடத்துச் சுவர் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

மடத்துக் கூடத்தில் அம்மை தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் ஆதிமூலம் நின்றபடியே சொன்னார். அவர் பொய்யர், அம்மா, ஊருக்கும் அது தெரிகிறது, இருந்தும் ஜெயித்துவிட்டார் என்றார். அந்தப் பெண் இனி அந்தக் காகிதத்தைப் படிக்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

அம்மை கீரைக் காம்புகளைத் தனியாக ஒதுக்கினார்.

"பாயை விரியுங்கள்" என்றார்.

ஆதிமூலம் விரித்தார். ஓரம் சுருண்டிருந்ததைக் கையால் நீவிச் சரிசெய்தார்.

"உட்காருங்கள்."

அவர் உட்கார்ந்தார். நேற்றுக் கேட்டதையே மறுபடி கேட்க வாயெடுத்தார். "மேட்டுக்குடி என்றால்..."

அம்மை தரையிலிருந்து அவரை நிமிர்ந்து பார்த்தார். கூடம் முழுக்க வெறும் தரை. பாயில் இன்னும் நான்கு பேருக்கு இடமிருந்தது.

"கேளுங்கள்" என்றார். "அங்கிருந்தே கேளுங்கள்."

ஆதிமூலம் கேட்கவில்லை.