பரிசல் பிடித்த அரசர்

முன்னொரு காலத்தில், அரசர்களுக்கு வேலை குறைவாகவும் புலவர்களுக்கு வாய் அதிகமாகவும் இருந்த ஒரு நாட்டில், விசயகண்டன் என்றொரு ராசா இருந்தார். கெட்டவர் இல்லை. யாராவது புகழ்ந்தால் மட்டும் புத்தி கொஞ்சம் வெளியே போய்விட்டு வரும், அவ்வளவுதான்.

அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை. ஒரு பொருளை முழுக்க முழுக்கத் தன் கைக்குள் கொண்டுவருவதைச் சொல்ல எத்தனை சொற்கள் உண்டோ அத்தனையையும் ஓர் ஏட்டில் தொகுக்க வேண்டும். அரண்மனைப் புலவர் சொற்குன்றனார் மளமளவென்று அடுக்கினார்: கைப்பற்றுதல், வசப்படுத்துதல், ஆக்கிரமித்தல், பறித்தல், ஏகபோகம் கொள்ளுதல்.

அந்த அரண்மனையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. நிஜமாக நடந்த ஓர் எடுத்துக்காட்டு இல்லாமல் எந்தச் சொல்லும் ஏட்டில் ஏறாது. ராசாவோ எல்லா எடுத்துக்காட்டிலும் தாமே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன? ‘கைப்பற்றுதல்’ என்ற சொல்லுக்காக ஒரு மாந்தோப்பு போயிற்று. ‘பறித்தல்’ என்ற சொல்லுக்காகப் பக்கத்துத் தெரு செட்டியாரின் ஊஞ்சல் போயிற்று. அட, இலக்கணத்துக்காக ஊரைக் கொள்ளையடித்த ராசாவை நீங்கள் வேறெங்கே பார்த்திருப்பீர்கள்!

மிஞ்சியது ‘ஏகபோகம்’. அதற்குப் புலவர் கண்டுபிடித்தது ஆற்றுத்துறைப் பரிசல். பாறை நிறைந்த ஆறு அது. ஓடம் போகாது, மூங்கிலால் பின்னித் தோல் போர்த்திய வட்டப் பரிசல்தான் போகும். துறையில் இருந்ததே ஒன்றுதான். அதைச் செவந்தி என்ற பெண் ஓட்டிப் பிழைத்தாள். புருசன் படுக்கையில் கிடந்தான். வீட்டில் உலை ஏறுவது அந்தத் துடுப்பால்தான். அந்தப் பரிசலும் ராசாவின் கைக்குப் போயிற்று.

அவள் ஓடிவந்து அரண்மனை விகடகவி ஆவுடையானிடம் அழுதாள். “அண்ணே, மூணு நாளா அடுப்பு பத்தவைக்கல. ராசாவுக்கு யானை இருக்கு, தேர் இருக்கு. எம் பரிசல் எதுக்கண்ணே?”

“ஏட்டுக்கு வேணுமாம் தாயி. அழாத, பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு ஆவுடையான் சபைக்கு வந்தான்.

“அரசே, பரிசலைத் திருப்பித் தந்தருள வேண்டும். ஒருத்தி பட்டினி கிடக்கிறாள்.”

சொற்குன்றனாருக்கு ஆவுடையானைக் கண்டாலே வயிறு எரியும். ராசா சிரிப்பதெல்லாம் அவனைப் பார்த்துத்தான் என்ற எரிச்சல். சட்டென்று எழுந்தார்.

“அரசே, ஏகபோகம் என்றால் தங்களைத் தவிர வேறு எவர் கையும் அதில் படக்கூடாது. பட்டால் சொல் பொய்யாகிவிடும். ஆவுடையானையே காவலுக்கு வைப்போம். வேறு யாராவது துடுப்பைத் தொட்டால் இவனுடைய வலக்கையை வெட்டிவிடலாம்.”

“அப்படியே ஆகட்டும்!” என்றார் ராசா. முத்திரை குத்தியாயிற்று, தண்டோராவும் போட்டாயிற்று.

செவந்தி மறைவாகப் பரிசலை எடுப்பாள், இவன் கை போகும் என்பது புலவரின் கணக்கு. ஆவுடையானோ அவளிடம், “ஆடிப் பதினெட்டு வரைக்கும் பொறு தாயி. அதுவரைக்கும் எங்க வீட்டுச் சோத்தை ரெண்டு வீட்டுக்கும் பங்கு வெச்சுக்கலாம்” என்றான். துறையில் போய் உட்கார்ந்தான். ஒரு காக்கை துடுப்பில் உட்கார வந்தபோதும் உத்தரவை உரக்கப் படித்துக் காட்டி விரட்டினான்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. அன்று உச்சிப்பொழுதுக்குள் ராசா அக்கரை அம்மனுக்குப் படையல் வைத்தாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக வரும் முறை. ஆற்றில் புதுவெள்ளம். படையல் பானைகளோடும் சொற்குன்றனாரோடும் ராசா பரிசலில் ஏறினார். ஒரு சேவகன் துடுப்பை எடுக்கக் குனிந்தான்.

“தொடாதே!” என்று ஆவுடையான் அலறினான். “அரசே, என் கை எனக்கு வேண்டும். அதைவிட, தங்கள் சொல் பொய்யாகக் கூடாது. தாங்கள்தான் துடுப்புப் போட வேண்டும்.”

ராசா புலவரைப் பார்த்தார். புலவர் வெள்ளத்தைப் பார்த்தார்.

“துடுப்புப் போடுவது என்ன பெரிய வித்தையா?” என்று மீசையை முறுக்கிக்கொண்டு ராசா துடுப்பை ஊன்றிப் பரிசலைத் தள்ளினார்.

பரிசலில் ஏறியவர்களுக்குத் தெரியும். பழகாத கை ஒரு பக்கமாகவே துடுப்பு வலித்தால் அது முன்னே போகாது. நின்ற இடத்தில் சுற்றும். ராசா வலித்தார். பரிசல் சுற்றியது. இன்னும் பலமாக வலித்தார். இன்னும் வேகமாகச் சுற்றியது. கரையில் இருந்தவர்களுக்கு ஒரு முறை ராசாவின் முகம் தெரிந்தது, மறுமுறை முதுகு தெரிந்தது. புளியோதரைப் பானை உருண்டது. புலவர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். பரிசல் சுற்றிக்கொண்டே பாறைகளின் பக்கம் நகர்ந்தது.

“ஆவுடையா! அந்தப் பெண்ணை அனுப்பு!”

“அரசே, அவள் துடுப்பைத் தொட்டால் என் கை போய்விடுமே! உத்தரவில் இருக்கிறது. படிக்கட்டுமா?”

“உத்தரவை ரத்துசெய்தேன்!”

“சொல்லுக்கு உரியவர் புலவர். அவரும் சம்மதிக்க வேண்டாமா?”

பானைக்குப் பின்னாலிருந்து சொற்குன்றனாரின் குரல் வந்தது. “ஐயோ சம்மதம்! பரிசல் அவளுடையதுதான்! வரச் சொல்லப்பா, புண்ணியமாய்ப் போகும்!”

அவர் முடிப்பதற்குள் கரையில் நின்ற செவந்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நீரில் பாய்ந்திருந்தாள். நீந்திப்போய் ஏறி, “கொஞ்சம் தள்ளி உக்காருங்க சாமி” என்று ராசாவின் கையிலிருந்து துடுப்பை வாங்கினாள். இடப்பக்கம் ஒரு போடு, வலப்பக்கம் ஒரு போடு. பரிசல் சொன்னபடி கேட்டது. அம்மனுக்கு நேரத்துக்குப் படையலும் ஆயிற்று.

திரும்பி வந்த ராசா கரையில் உட்கார்ந்து, தலைசுற்றல் நிற்கும்வரை தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். “மூன்று வாரமாக என் கைக்குள் இருந்ததாக நினைத்தேன், ஆவுடையா. ஒரு நொடிகூட இருக்கவில்லை!”

செவந்திக்குப் பரிசலோடு புதுத் துடுப்பும் இரண்டு வண்டி நெல்லும் கிடைத்தன. மாந்தோப்பும் ஊஞ்சலும் வீடு திரும்பின. ஆவுடையானின் வலக்கைக்கு ராசா தம் கையாலேயே தங்கக் கடகம் பூட்டினார்.

“ஏட்டை என்ன செய்வது, அரசே?” என்று புலவர் ஈனக்குரலில் கேட்டார்.

“எடுத்துக்காட்டுகள் எல்லாம் திரும்பிப் போய்விட்டனவே! அந்தச் சொற்களை அடித்துவிட்டு, ‘விட்டுக்கொடுத்தல்’ என்று ஒன்றே ஒன்றை எழுதும். நிஜமாக நடந்த எடுத்துக்காட்டு உமக்கே தெரியும்.”

புலவர் அன்றே எழுதினார். அந்த ஏட்டில் மற்றப் பக்கங்களெல்லாம் முத்து முத்தான எழுத்து. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் வரிகள் வட்டம் வட்டமாகப் போகும்.