கைமாறிய செப்பு வில்லை

முன்னொரு காலத்தில், கூத்துப் பார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும் என்ற புதுப் பழக்கம் தொடங்கிய ஒரு நாட்டில், ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. மலைக்கு அப்பாலிருந்து பேர்போன கூத்துக் குழுவை வரவழைத்து, கோட்டை மைதானத்தில் சில மாலைகள் ஆடவைக்க வேண்டும். ஜனங்கள் முண்டியடிக்காமல் பாயில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்காக ஆளுக்கொரு செப்பு வில்லை அடித்து, வாங்குகிறவர் பெயரை அதிலேயே ஆணியால் கீறிக் கொடுத்தார்கள். முதல் வில்லையில் ராஜா தம் பெயரையே கீறச் சொல்லி இடுப்பில் முடிந்துகொண்டார். குழந்தை மாதிரி அவ்வளவு ஆசை!

விற்பனை தொடங்கிய காலையிலேயே மந்திரி அகளங்கர் பாதி மைதானத்துக்கான வில்லைகளைத் தம் பெயரில் வளைத்துப் போட்டார். பிறகு மைத்துனர் கடையில் வைத்துக் கொள்ளை விலைக்கு விற்றார். ஜனங்கள் தங்களுக்குள் சும்மா கொடுத்து வாங்கினால் கடைக்கு யார் வருவார்கள்? ஆகவே ராஜாவிடம் நல்லவர் போலப் பேசி ஓர் ஆணை போடவைத்தார். வில்லையில் யார் பெயரோ அவரே அந்தப் பாயில் அமர வேண்டும். கைமாற்றினால் நாடு கடத்தல். பாயைக் காலியாக விட்டால் கசையடி. வாசல் காவலர்களோ அகளங்கர் பெயரைக் கண்டால் மட்டும் வானத்தைப் பார்த்தார்கள்.

முதல் மாலையே மாட்டிக்கொண்டவள் மோர்க்காரி செங்கமலம். காய்ச்சலில் படுத்தவள், தன் வில்லையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். மறுநாள் காலை அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"நான் விக்கலையே சாமி! போகலைன்னா கசையடின்னாங்க. எழுந்திருக்க முடியல. அவளாவது பாக்கட்டுமேன்னு சும்மாதான் குடுத்தேன்" என்று அழுதாள்.

"கைமாற்றியது உண்மைதானே? இன்று இரவுக்குள் எல்லை தாண்டட்டும்" என்றார் ராஜா.

சபையின் விகடகவி உப்பிலி இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு இருக்க அவனால் முடியவில்லை. எழுந்தான்.

"மகாராஜா, சும்மா கொடுத்தவளுக்கு நாடு கடத்தல், விலை ஏற்றி விற்கிறவருக்குச் சபையில் நாற்காலி. இது எந்த ஊர் நியாயம்?"

ராஜாவின் முகம் சிவந்தது. இதற்காகவே காத்திருந்த அகளங்கர் குழைவாகச் சொன்னார்: "பிரபு, ஆணையில் குறை காண்பவரே அதைக் காவல் காக்கட்டுமே. இன்று மாலை வாசலில் உப்பிலியே நிற்கட்டும். பெயர் மாறி ஒருவர் நுழைந்தாலும் மோர்க்காரியோடு உப்பிலியும் கிளம்பட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"ஆணையிலிருந்து இம்மியும் விலக மாட்டேன்" என்றான் உப்பிலி. அகளங்கருக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மாலையில் பட்டு அங்கவஸ்திரத்தோடு ஒரு வியாபாரி முதலில் வந்தார். உப்பிலி வில்லையைத் திருப்பிப் பார்த்தான்.

"அகளங்கர் என்று கீறியிருக்கிறது. நீர் அகளங்கரா?"

"என்னய்யா கேள்வி இது? கொட்டிக் கொடுத்து வாங்கினேன்!"

"கொட்டிய இடத்தில் போய்க் கேளும்."

அடுத்தவர், அதற்கடுத்தவர், எல்லோருக்கும் அதே பதில். வெளியே கூச்சல் கோட்டைச் சுவரை இடித்தது. உள்ளே வந்த ராஜா திகைத்துப் போனார். பாதி மைதானம் வெறும் பாயாகக் கிடந்தது.

"உப்பிலி! எங்கே ஜனங்கள்?"

"இவையெல்லாம் மந்திரியாரின் பாய்கள், மகாராஜா. காலியாக விட்டால் கசையடி என்பது ஆணை. அவர் வந்து எல்லாவற்றிலும் உட்காரட்டும்."

கசைக்காரன் முன்னே வந்தான். அகளங்கர் ஓடிப்போய் ஒரு பாயில் உட்கார்ந்தார். "அடுத்தது காலி!" என்றான் உப்பிலி. அதற்குத் தாவினார். "முந்தினது காலி!" தலைப்பாகை அவிழ, தொந்தி குலுங்க, மந்திரி பாய்க்குப் பாய் ஓடினார். வேடம் கட்டி நின்ற கூத்தாடிகளே வாய்விட்டுச் சிரித்தார்கள். ராஜாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போதும் அகளங்கரே! எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே விடும். உப்பிலி, உனக்குப் பரிசு வேண்டாமா? இந்தா நம் வில்லை. இன்று நம் ஆசனத்தில் அமர்ந்து பார்."

"செங்கமலம், மகாராஜா?"

"அவள் கைமாற்றியது கைமாற்றியதுதான். போகத்தான் வேண்டும்."

உப்பிலி வில்லையை வாங்கிக்கொண்டான். வணங்கவில்லை. "இதில் யார் பெயர், மகாராஜா?"

"நம் பெயர்."

"இப்போது யார் கையில் இருக்கிறது?"

ராஜா தம் வெறும் இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

"வாசலில் செங்கமலத்துக்குக் கட்டிய வண்டியில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. தாங்களும் ஏறிக்கொள்கிறீர்களா?"

கசைக்காரன் கசையைக் கீழே போட்டான். ராஜா உப்பிலியை முறைத்தார். அவனும் கண்ணைத் தாழ்த்தவில்லை. கடைசியில் ராஜாவின் மீசைதான் முதலில் துடித்தது. அடக்க முடியாமல் மைதானம் அதிரச் சிரித்தார்.

"வண்டியை அவிழ்த்து விடுங்கள்! இனி வாங்கிய விலைக்கோ சும்மாவோ யாரும் யாருக்கும் கொடுக்கலாம். விலை ஏற்றி விற்பவன்தான் நாடு தாண்ட வேண்டும். தன் வீட்டாருக்கு வேண்டியதற்கு மேல் ஒருவரும் வாங்கக் கூடாது!" என்று சொல்லி, கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி உப்பிலிக்குப் போட்டார்.

உப்பிலி காப்பை மாட்டிக்கொண்டு, ராஜாவின் வில்லையை, வண்டியிலிருந்து இறங்கி வந்த செங்கமலத்தின் கையில் எல்லோரும் பார்க்கக் கொடுத்தான்.

"ஐயோ, இது ராசா எடமாச்சே!" என்று அவள் பின்வாங்கினாள்.

"போய் உட்காரம்மா, ஆணை மாறிவிட்டது" என்றார் ராஜா. தாம் போய் அகளங்கரின் பாய் ஒன்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிறகுதான் மத்தளம் முழங்கியது.