தீப்பெட்டிச் சங்கத்துக் கம்ப்யூட்டர்

"கரண்ட்டும் சரியா இருக்காம். மெஷினும் சரியா இருக்காம். பின்ன ஏன் அணையுது?" என்று கேட்டார் தவசிமுத்து.

ஜெசிந்தா மேஜையில் கிடந்த ஒயர்களை ஒதுக்கி இடம் செய்தாள்.

பேச்சித்தாய் இடுப்பில் இருந்த சிபியுவை இறக்கி அந்த இடத்தில் வைத்தாள். சங்க அறையிலிருந்து தாலுகா ஆபீஸ் பக்கத்தில் இருந்த இந்த ஜெராக்ஸ் கடை வரை நடந்தே தூக்கி வந்திருந்தாள். தண்ணீர்க் குடத்தை வைப்பதுபோல் வைத்தாள்.

தவசிமுத்துவுக்கு அறுபத்தேழு வயது. தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். ஏழு முறை சிறைக்குப் போனவர். ஜெசிந்தாவுக்கு நாற்பத்தொன்று. ஜெராக்ஸ் கடையின் பின்கட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். அவளிடம் போனால் பேச்சு கிடைக்காது, வேலை கிடைக்கும் என்று ஊரில் சொன்னார்கள். அதற்கு முன் மூன்று பேர் இந்தப் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லியிருந்தார்கள்.

தூக்கிப் போட முடியாது. அதற்குள் இருபத்தேழு பெண்கள் இருந்தார்கள். பேச்சித்தாய் அவர்களில் ஒருத்தி.

ஒன்பது வருஷத்துக்கு முன் தீப்பெட்டி ஆபீஸ் என்று அங்கே சொல்லும் தொழிற்சாலையின் கதவை ஒரு காலையில் அவர்களுக்குத் திறக்கவில்லை. வழக்குப் போட்டபோது முதலாளி ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். இவர்கள் யாரும் என்னிடம் வேலை பார்த்ததே இல்லை.

பார்த்ததற்கு அத்தாட்சி அவர்களுடைய வருகை அட்டைகள். எல்லாவற்றையும் சங்கத்தில் ஒப்படைத்திருந்தார்கள். சங்கம் அவற்றைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. பிறகு ஒரு ஐப்பசியில் சங்க அறையின் கூரை ஒழுகி அட்டைகள் கூழாகிப் போயின.

வியாழக்கிழமை தொழிலாளர் நீதிமன்றத்தில் அட்டைகளைக் காட்ட வேண்டும். இன்று திங்கள்.

கம்ப்யூட்டரோ சுவிட்சை அழுத்தினால் காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். மூன்றாம் அழுத்தில் எழுந்திருக்கும். கடிதம் அடித்தால் அடிக்கும். அட்டைப் படங்களைத் திறந்தால் அணைந்துவிடும்.

*

சங்கம் சும்மா இருக்கவில்லை.

முதலில் பிளக்கை மாற்றினார்கள். பிறகு ஒயரை மாற்றினார்கள். யுபிஎஸ் பாட்டரியை மாற்றினார்கள். அதற்கும் அணைந்தது. கமிட்டி கூடியது. குறைந்த மின் அழுத்தமே காரணம் என்று தீர்மானம் போட்டது. நாற்பது பேர் மின்வாரிய அலுவலக வாசலில் கொடி பிடித்து நின்றார்கள்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த ஊரில் கரண்ட் போனால் மற்றவர்கள் மெழுகுவர்த்தி வாங்கப் போனார்கள். தெருவில் இறங்கி நின்றது இவர்கள் மட்டும்தான்.

அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து சங்க அறையில் மீட்டரை வைத்துப் பார்த்தார். இருநூற்று முப்பத்தொன்று வோல்ட் காட்டியது. சரியான அளவுதான். அது யாருடைய மீட்டர் என்று கேட்டு அவரை அனுப்பிவைத்தார்கள்.

இதையெல்லாம் தவசிமுத்து சொல்லி முடித்தார். ஜெசிந்தா அதற்குள் சிபியுவின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டாள்.

"மீட்டருக்குக் கட்சி கிடையாது அண்ணாச்சி" என்றாள்.

*

பெட்டிக்குள் ஒரு மூலையில் இன்னொரு சின்னப் பெட்டி இருந்தது. சுவரிலிருந்து வரும் கரண்ட் அதற்குள் நுழைந்து, அங்கிருந்துதான் மற்ற எல்லாவற்றுக்கும் பிரிந்து போகும். அவள் அதைக் கழற்றித் தனியாக மேஜையில் வைத்தாள்.

கம்ப்யூட்டர் இல்லாமலே அதை ஓடவைக்க ஒரு ஜெம் கிளிப்பை நிமிர்த்தினாள். பச்சை ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே செருகினாள். பிளக்கைப் போட்டாள்.

காற்றாடி சுற்றியது. மஞ்சள் ஒயரில் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டு.

"எவ்வளவு இருக்கணும்?"

"பன்னிரண்டு."

தவசிமுத்து பேச்சித்தாயைத் திரும்பிப் பார்த்தார். மெஷினில் கோளாறு இல்லை என்று நான் சொல்லவில்லையா என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிறகு ஜெசிந்தாவிடம் சொன்னார். இந்தக் கம்ப்யூட்டருக்குப் பதினெட்டு வயது. எத்தனையோ தடவை விழுந்துவிட்டது. அவர் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவார், எழுந்துவிடும். கூட்டத்துக்குக் கூட்டம் அதைக் காட்டித் தோழர்களிடம் சொல்வார், இதுவும் நம்மை மாதிரி, விழும், ஆனால் கிடக்காது என்று. கைதட்டுவார்கள்.

ஜெசிந்தா கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு ஆட்டோ ஹெட்லைட் பல்பை எடுத்தாள். அதன் இரண்டு ஒயர்களையும் அந்தச் சின்னப் பெட்டியின் ஒயர்களில் சேர்த்தாள்.

பல்பு எரிந்தது.

மீட்டரில் பதினொன்று. பத்து. ஒன்பது.

பல்பு சிவந்து அணைந்தது. காற்றாடி நின்றது.

மூன்று பேரும் அணைந்த பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பத்தானே பன்னிரண்டு காட்டுச்சு" என்றார் தவசிமுத்து.

"அது எதையும் சுமக்காம இருந்தப்ப."

*

அவர் கையை நீட்டினார். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டத்தான்.

"தொடாதீங்க. ஒயரைப் பிடுங்கினாலும் உள்ளுக்குள்ள கரண்ட் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கும்."

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் டீ சொல்லி அனுப்பினாள். டீ வந்தது. குடித்தார்கள். பேச்சித்தாய் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நல்லா இருக்கா தாயி, எங்க அட்டையெல்லாம் பத்திரமா இருக்கா என்று மெதுவாகக் கேட்டாள். ஜெசிந்தா தெரியவில்லை என்றாள்.

பிறகு அந்தச் சின்னப் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே, கரண்ட்டைத் தேக்கிவைத்துச் சீராக விடும் நாலைந்து டப்பாக்கள் விரல்நுனி உயரத்தில் நின்றன. நல்லதற்கு மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும் என்றாள். நான்கின் தலை வீங்கியிருந்தது. அவற்றில் ஒன்று வெடித்து, பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருந்தது.

"இது எப்பப் போச்சு?"

"நாலஞ்சு வருஷம் இருக்கும்."

"அதுக்கப்புறமும் ஓடிச்சே."

"ஓடிச்சு. அடியெல்லாம் டிஸ்க்குக்குப் போச்சு."

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். இது ஒவ்வொரு தடவை விழும்போதும், எழுதிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருக்கும் டிஸ்க் பாதியில் நிற்கும். நின்ற இடத்தில் காயம் படும். இவர் தட்டி எழுப்புவார். எழுந்தது மறுபடி விழும்.

அட்டைகள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன.

தவசிமுத்து டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

*

வேறு சின்னப் பெட்டி ஒன்று போட முடியுமா என்று கேட்டார். அவள் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். புதியது. ஆனால் மாட்டவில்லை.

"இந்த டிஸ்க்குல இருக்கது வேற எங்க இருக்கு?"

"எங்கயும் கிடையாது."

"நகல்?"

"சங்கத்துக் காகிதம் சங்கத்தை விட்டு வெளிய போகாது. தீர்மானம் இருக்கு."

அந்தத் தீர்மானத்தை அவர் சாதாரணமாகச் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரு காலத்தில் சங்க உறுப்பினர் பட்டியலின் நகல் ஒன்று கமிட்டி ஆள் ஒருவன் கையிலிருந்து முதலாளி கைக்குப் போனது. அந்த வாரமே பதினான்கு பெண்கள் வேலையை இழந்தார்கள். ஒருத்தி கிணற்றில் விழுந்தாள். அவளை மேலே தூக்கியவர்களில் தவசிமுத்துவும் ஒருவர். துரோகத்தைக் கையால் தொட்டவனுக்குக் கதவைத் திறக்கச் சொல்லித் தர முடியாது. சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் கிணற்றங்கரைக்கு வராதவர்கள்.

ஜெசிந்தா தலையைக் குனிந்து கேட்டாள்.

"தீர்மானத்துல யார் யார் கையெழுத்து?"

"பதினோரு பேர்."

"அவங்கள்லாம் எங்க?"

அவர் யோசித்தார். விரலை மடக்கிக்கொண்டே வந்தார். ஏழு பேர் இறந்துவிட்டார்கள். இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். ஒருவருக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை.

பத்து விரலும் மடங்கிவிட்டன. மீதி அவர் ஒருவர்தான்.

"வியாழக்கிழமை எங்க இருப்பீங்க அண்ணாச்சி?"

"கோர்ட்டுல."

"அதுக்கு அடுத்த வியாழக்கிழமை?"

அவர் சிரித்தார். என்னைச் சாகடிக்க முதலாளியால் முடியவில்லை, நீ முயற்சி செய்கிறாயா என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை.

"பெட்டி போட்டதும் முதல்ல நகல். பிறகுதான் மற்றது" என்றாள்.

முன்கடையில் ஜெராக்ஸ் மெஷினின் வெளிச்சம் போய்ப் போய் வந்தது.

கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு பென் டிரைவ். அது அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். இரவில் தலையணைக்கு அடியில்.

ஜெசிந்தா ஸ்குரூடிரைவரை எடுத்தாள்.

*

புதிய பெட்டி உள்ளே போனது. நான்கு திருகாணிகள். ஒவ்வொரு ஒயராகப் பொருத்தினாள். மானிட்டரை இணைத்தாள். சுவிட்சை அவரையே போடச் சொன்னாள்.

முதல் அழுத்திலேயே காற்றாடி சுற்றியது. நிற்கவில்லை.

பேச்சித்தாய் கண்ணை மூடித் திறந்தாள்.

காற்றாடிச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் இடைவெளி. டிக்.

"அது என்ன?" என்றார்.

"டிஸ்க்."

"புதுப் பெட்டிதான் போட்டாச்சே."

"பெட்டி புதுசு. அடி வாங்கினது பழசுதானே."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒரு மணி நேரம் ஓடலாம். அஞ்சு நிமிஷத்துல நிக்கலாம். நின்னா நான் திறக்க முடியாது. யாரும் திறக்க முடியாது."

திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. பாஸ்வேர்டு கேட்டது.

சங்க அறையில் ஒரு வழக்கம் உண்டு. செயலாளர் பாஸ்வேர்டு அடிக்கும்போது அறையில் உள்ளவர்கள் அத்தனை பேரும் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். கமிட்டி உறுப்பினர் ஆனாலும் சரி, வக்கீல் ஆனாலும் சரி. பதினெட்டு வருஷமாக யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை.

இங்கும் யாரும் சொல்லவில்லை. பேச்சித்தாய் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

ஜெசிந்தா அசையவில்லை.

"கொஞ்சம் திரும்பிக்கோம்மா" என்றார் தவசிமுத்து.

அவள் எழுந்து முன்கடைக்குப் போய்விட்டாள். போகிறபோது இரண்டு கைப்பிடி பென் டிரைவ்களை எடுத்துக் கீபோர்டுக்குப் பக்கத்தில் குவித்துவிட்டுப் போனாள். அவர் எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது, இருபத்தேழு.

அவர் அடித்தார். தவறு என்றது திரை.

மறுபடி அடித்தார். ஆள்காட்டி விரல் ஒரு எழுத்துக்குப் பதிலாகப் பக்கத்து எழுத்தையும் சேர்த்து அழுத்தியது. கையைத் தூக்கிப் பார்த்தார். நடுங்கிக்கொண்டிருந்தது. ஏழு சிறைகளிலும் நடுங்காத கை. எத்தனை நாளாக நடுங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. யாரும் சொன்னதில்லை. சொல்லக்கூடியவர்கள் எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தவறு.

டிக். இடைவெளி. டிக். டிக்.

"வந்திருச்சா தோழர்?" என்று சுவரிடம் கேட்டாள் பேச்சித்தாய். "எங்க அட்டை தெரியுதா?"

அவர் அவளுடைய முதுகைப் பார்த்தார். ஐம்பத்து மூன்று வயது. மருந்தில் தோய்த்த தீக்குச்சிகளைப் பெட்டிகளில் இருபத்தாறு வருஷம் அடுக்கிய கை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் குச்சி என்று அவர் மேடையில் சொல்லியிருக்கிறார். அந்த விரல்களில் ஒன்றுகூட அசையாமல் இருந்ததை இப்போதுதான் பார்த்தார்.

நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"பேச்சித்தாயி, இங்க திரும்பு" என்றார். "வந்து உக்காரு. ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுதேன், நீ அடி."